கடலோர வீட்டுக்கு ஏற்ற பூட்டு எது?

இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் சாலையில் சென்றவர்கள், சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் வரிசையாக நிற்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். சென்னைத் துறைமுகத்திலும், அதற்கு வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலும் வந்திறங்கும் அப்பெட்டகங்களில் வாராத பொருள் இல்லை எனலாம். கதவுப் பூட்டும், கைப்பிடியும், கீலும் அவற்றுள் அடக்கம். பாரிமுனை, மண்ணடிப் பகுதிகளின் மொத்தக் கடைகளை அடைந்து, அங்கிருந்து மீஞ்சூர், பொன்னேரிக் கடைகள் வரை சென்று, கிராமத்தில் புதிதாக எழும் வீட்டின் கதவில் அவை ஏறுகின்றன. பெயர்பெற்ற நிறுவனத்தின் பூட்டுக்குக் கொடுக்க வேண்டிய விலையில் பாதிக்கும் குறைவாக, அதே பளபளப்புடன் ஒரு பூட்டுக் கிடைக்குமாயின், கடன் வாங்கி வீடு கட்டும் ஒரு குடும்பம் எதை வாங்கும் என்று கேட்க வேண்டுவதில்லை.

அக்குடும்பத்தைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. நாமே அதைச் செய்திருக்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், குடிநீர் மோட்டார் அறைகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் பூட்டுகள் மொத்தமாக வாங்க வேண்டியிருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. மிகக் குறைந்ததை ஏற்றுக் கையொப்பமிட்டோம். இறக்குமதிப் பூட்டு, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள், உப்பங்கழி ஓரத்துக் குக்கிராமம் ஒன்றில் மோட்டார் அறைப் பூட்டு இறுகிவிட்டது. மோட்டாரை இயக்குபவர் விடியற்காலை ஐந்து மணி முதல் முயன்றும் சாவி திரும்பவில்லை. ஏழு மணிக்குச் சாவியே உள்ளே முறிந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒரு பூட்டுத் தொழிலாளர் வந்து அறுத்துத் திறக்கும்போது மணி பதினொன்று. அதுவரை அந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை. வேலைக்குச் செல்ல வேண்டிய பெண்கள் காலிக் குடங்களுடன் வரிசையில் நின்றார்கள். பூட்டில் நாம் மிச்சப்படுத்திய தொகையையும், அன்று அவர்கள் இழந்த கூலியையும் ஒப்பிட்டுப் பார்க்க நாம் துணியவில்லை.

அறுத்த பூட்டை அத்தொழிலாளர் வீசி எறியவில்லை. எங்கள் முன்னிலையிலேயே அதைப் பிளந்து, உள்ளுறுப்புகளை ஒரு காகிதத்தில் பரப்பி விளக்கினார். முப்பது ஆண்டுகளாகச் சாவி செய்து வருபவர். “பூட்டு கடைக்காரருதுங்க ஐயா, கெட்ட பேரு மட்டும் எனக்கு” என்று அவர் சொன்ன சொல் இக்கட்டுரைக்குக் காரணம். பூட்டை வாங்குபவர் எவராயினும், அதைப் பொருத்துபவரும், கெட்டபோது அழைக்கப்படுபவரும், ஏசப்படுபவரும் பூட்டுத் தொழிலாளரே. ஆதலின் எதை வாங்கச் சொல்வது, எதை வேண்டாமென்பது என்பதை அவர்கள் காரணத்தோடு அறிந்திருத்தல் நலம்.

முதலில் பூட்டின் இயக்கத்தைச் சற்றுக் காண்போம். இன்று புழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று லீவர் பூட்டு. இதனுள் மெல்லிய தகடுகள் அடுக்காக நிற்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகர்வதற்கு வழி பிறக்கும். தூக்கம் குறைந்தாலும் நகராது, மிகுந்தாலும் நகராது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் 1778இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். மற்றது பின் பூட்டு. கடைகளில் சிலிண்டர் பூட்டு என்பார்கள். உருளை ஒன்றினுள் சிறு ஊசிகள் சுருள்வில்லின் அழுத்தத்தில் நிற்கும். சாவியின் பள்ளங்கள் அவ்வூசிகளை ஒரே மட்டத்துக்குக் கொணரும்போது உருளை திரும்பும். பண்டை எகிப்தின் மரப்பூட்டில் இருந்த கருத்தே இது. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861இல் பெற்ற காப்புரிமையின் வழியே, சட்டைப்பையில் அடங்கும் தட்டைச் சாவியுடன் அது நம் காலத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு வகையிலும் பாதுகாப்பு என்பது நுட்பமான அளவிலேயே அடங்கியுள்ளது. ஐந்து ஊசிகள் உள்ள பூட்டில், ஒவ்வோர் ஊசிக்கும் ஆறு வேறு உயரங்கள் வைக்கலாம் என்று கொள்வோம். ஆறை ஐந்து முறை பெருக்கினால் 7,776 வெவ்வேறு சாவிகள் கிடைக்கும். எல்லாப் பள்ளமும் ஒரே ஆழமாக உள்ளவை, அருகருகே மிக ஆழமும் மிக மேடும் உள்ளவை முதலியவற்றைத் தள்ளினாலும் ஆயிரக்கணக்கில் எஞ்சும். ஆனால் உயரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே. துளையும் ஊசியும் தளர்வாகச் செய்யப்பட்டிருந்தால், ஒரு படி கூடிய சாவியும் திறக்கும், ஒரு படி குறைந்த சாவியும் திறக்கும். காகிதத்தில் ஆயிரங்களாக இருந்த வேறுபாடு, கையில் சில நூறாகச் சுருங்கிவிடும். அதன்மேல், செலவைக் குறைக்கும் பொருட்டு, உற்பத்தியாளர் சில சாவி அமைப்புகளையே திரும்பத் திரும்பச் செய்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதை நாம் கண்ணால் கண்டோம். அதே வாங்குதலில் எஞ்சியிருந்த பன்னிரண்டு பூட்டுகளை அத்தொழிலாளரின் மேசைமேல் வைத்து, ஒன்றன் சாவியை மற்றொன்றில் இட்டுப் பார்த்தோம். அரை மணி நேரத்துக்குள் ஒரு சாவி வேறொரு பூட்டையும் திறந்தது. மற்றொரு சாவி, சற்றே ஆட்டியபோது, இன்னொன்றைத் திறந்தது. சத்துணவுப் பொருள்கள் வைக்கும் அறைக்கும் மோட்டார் அறைக்கும் ஒரே சாவி பொருந்தும் நிலையில் பூட்டு என்பது வெறும் அலங்காரமே. பூட்டுகளை மொத்தமாக வாங்கும் ஊராட்சிகளும் பள்ளிகளும் தொகையைக் கொடுப்பதற்கு முன் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இனி உலோகத்துக்கு வருவோம். கடற்கரை மக்களுக்கு இதுவே தலையாய விஷயம். மலிவுப் பூட்டுகளின் உடலும் கைப்பிடியும் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. துத்தநாகத்தோடு நூற்றுக்கு 4 பங்கு அளவில் அலுமினியம் சேர்ந்த கலவை அது. ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகிவிடும். பித்தளை உருகுவதற்கு 900 பாகை அளவு வெப்பம் வேண்டும். குறைந்த வெப்பத்தில் உருகுவதால் எஃகு அச்சுகள் நீடித்து உழைக்கின்றன. ஒரே அச்சில் மிகப் பல உருப்படிகளை விரைவாக வார்க்கலாம். பின்னர் இராவுதலும் கடைதலும் அதிகம் இல்லை. விலை குறைவதன் இரகசியம் இதுவே. இதில் மோசடி ஏதும் இல்லை. துத்தநாகக் கலவை கெட்ட உலோகமும் அன்று. நன்கு வார்த்து, தடித்த பூச்சு இட்டால் வீட்டின் உள்ளறைக் கதவில் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால் இராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தின் அருகிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் வீசும் காற்று, உள்ளறைக் காற்று அன்று. அதில் உப்பு உண்டு, ஈரம் உண்டு, ஆலைகளின் புகையும் நிலக்கரித் தூசும் உண்டு. மெல்லிய குரோமியப் பூச்சில் ஊசி முனையளவு துளை இருந்தால் போதும். உப்புநீர் அதன் வழியே புகுந்து, பூச்சின் அடியில் உள்ள உலோகத்தை அரித்து, வெண்ணிறப் பொடியாக்கும். பூச்சு கொப்புளமாக எழும். பின்னர் உரிந்து விழும். உள்ளே இருக்கும் சுருள்வில்லும் தாழும் வெறும் இரும்பாக இருப்பின் அவை துருவேறிப் பருத்து, நகர இடமின்றி நிற்கும். மோட்டார் அறைப் பூட்டில் நேர்ந்தது இதுவே. வெளிப்புறம் ஓரளவு பளபளப்பாகத்தான் இருந்தது. உள்ளே லீவர் தகடுகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டிருந்தன.

பித்தளையும் கடற்காற்றில் கறுக்கும். ஆயினும் அது இரும்பைப்போல் பருத்து இறுகுவதில்லை. அன்றியும், பித்தளை உறுப்பு முறிந்தால் பூட்டுத் தொழிலாளர் அதைப் பற்றவைக்கலாம். இராவிப் புதியதொன்று செய்யலாம். துத்தநாக வார்ப்பு முறிந்தால் சிறு பட்டறையில் அதைப் பற்றவைக்க இயலாது என்றே கொள்ள வேண்டும். சூடு ஏறுமுன் உருகி ஒழுகிவிடும். முழுப் பூட்டையும் எறிவதைத் தவிர வழியில்லை. பழுது பார்த்துப் பிழைப்பவரின் தொழிலுக்கே இது கேடு.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரிலும் ஏமாற்றம் உண்டு. 202 என்னும் எண்ணுடைய எஃகில் நிக்கல் குறைவு, மாங்கனீசு மிகுதி; விலை மலிவு. கடலோரத்தில் அது விரைவில் சிவக்கும். 304 அதனினும் நன்று. எனினும் அலை தெறிக்கும் தொலைவில் காப்பிக் கறை போன்ற புள்ளிகள் அதிலும் தோன்றும். 316 என்பதில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்கு தாங்கும். விலையும் அதற்கேற்ப உயரும். பெட்டியில் ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது எந்த எண் என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாவிடில் 202 என்றே கருதி விலை பேசுவது உத்தமம்.

உலோகத்தை அறியச் சில எளிய வழிகளைப் பூட்டுத் தொழிலாளர்கள் கையாளுகின்றனர். காந்தத்தை வைத்தால் இரும்பு உடனே பற்றும்; பித்தளையும் துத்தநாகமும் பற்றா. கண்ணுக்குத் தெரியாத மூலையில் அரத்தால் ஒரு கீறு கீறினால், மஞ்சள் தெரிவது பித்தளை. வெண்சாம்பல் நிறம் தெரிவது துத்தநாகக் கலவை. ஒரே அளவுள்ள இரண்டு பூட்டுகளைக் கைகளில் ஏந்தினால் பித்தளைப் பூட்டு கனமாக இருப்பதை உணரலாம். ஆனால் கனத்தை மட்டும் நம்புவது தவறு. உட்புறத்தில் இரும்புத் துண்டை வைத்துக் கனம் காட்டுவோரும் உளர் என்று நம் தொழிலாளர் எச்சரித்தார்.

இப்பொழுது பெயர்பெற்ற பூட்டைப் பார்ப்போம். ஆர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கியது 1897இல். நம் மாநிலத்துத் திண்டுக்கல்லின் புகழோ யாவரும் அறிந்தது. கொல்லர் பட்டறைகளில் கையால் இராவிச் செய்யும் மாங்காய்ப் பூட்டும் மணிப்பூட்டும் கோயில்களையும் கிடங்குகளையும் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கின்றன. அங்குள்ள பூட்டுத் தொழிலாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் 1957இல் அமைந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் குறியீடு கிடைத்ததனாலேயே பட்டறைகள் செழித்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்து அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு அவை ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் இறக்குமதியும் சேர்ந்தது. ஒரு பூட்டுக்கு ஒரு நாள் உழைப்பவர், ஒரு நொடியில் வார்க்கப்படும் பூட்டோடு விலையில் எவ்வாறு போட்டியிட முடியும்? அவர் போட்டியிடக்கூடிய இடம் உழைப்புக் காலமும், பழுதுபார்க்கும் வசதியுமே. அவற்றை வாங்குவோருக்கு எடுத்துரைக்கத்தான் ஆளில்லை.

பெயர்பெற்ற நிறுவனத்தின் பூட்டில் நாம் கொடுக்கும் கூடுதல் விலை எதற்கு? விளம்பரத்துக்கும் ஒரு பகுதி போகிறது, மறுப்பதற்கில்லை. அந்நிறுவனங்களிலும் விலை குறைந்த வரிசைகள் துத்தநாக உடலுடன் வருகின்றன. சில உறுப்புகள் வெளிநாட்டில் செய்யப்பட்டு வருவதும் உண்டு. எனவே இறக்குமதி என்றால் தாழ்வு, உள்நாட்டுப் பெயர் என்றால் உயர்வு என்று எண்ணிவிடலாகாது. கூடுதல் விலைக்கு ஈடாகக் கிடைக்கும் மெய்யான பயன், நம் கருத்தில், பொருளின் தொடர்ச்சி. சாவி தொலைந்தால் அதற்கேற்ற வெற்றுச் சாவி கடையில் கிடைக்கும். சிலிண்டர் கெட்டால் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பூட்டையே மாற்ற நேர்ந்தாலும், அதே அளவுள்ள பூட்டு பழைய துளையிலேயே அமரும்.

இந்த அளவு பற்றிப் புதிய தொழிலாளர்களுக்கு ஒரு சொல். கதவுக்குள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டில் இரண்டு அளவுகள் முக்கியம். கதவின் விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடு வரை உள்ள தொலைவு ஒன்று. கைப்பிடியின் நடுவிலிருந்து சாவித்துளையின் நடு வரை உள்ள தொலைவு மற்றொன்று. இரண்டாவது அளவு 72 மில்லிமீட்டர், 85 மில்லிமீட்டர் என்று வழக்கில் நிலைபெற்றுள்ளது. இவ்வளவுகளுக்குள் அடங்காமல், தன்போக்கில் அமைந்த மலிவுப் பூட்டு ஒன்றைப் பதித்துவிட்டால், அது கெட்டபின் வேறு எந்தப் பூட்டும் அத்துளையில் பொருந்தாது. தச்சரை அழைத்துக் கதவை அடைத்து மீண்டும் துளைக்க வேண்டும். முதலில் மிச்சமான பணம் தச்சுக் கூலியிலேயே போய்விடும். ஆகவே பெட்டியை வாங்குமுன் அளவுகோலை எடுத்து இவ்விரண்டையும் அளந்துவிட வேண்டும். மலிவுப் பூட்டுகளிலும் வழக்கமான அளவுள்ளவை உண்டு. வாங்கத்தான் வேண்டுமென்றால் அவற்றையே வாங்குக.

தர முத்திரையையும் கவனிக்கலாம். தொங்கு பூட்டுக்கு ஐ.எஸ். 275, மார்ட்டிஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209 என்னும் இந்தியத் தர அளவைகள் உள்ளன. அரிப்பைத் தாங்கும் திறனுக்கு உப்புத் தெளிப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. உப்புநீரைப் புகையாக்கிப் பொருளின்மேல் ஓயாது படியச் செய்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய அளவையில் மூன்றாம் தரத்துக்கு 96 மணி, நான்காம் தரத்துக்கு 240 மணி. பெட்டியில் இவ்வெண் அச்சிடப்பட்டிருந்தால் நம் கடற்கரையின் வெளிக்கதவுக்கு 240ஐ நாடுவதே முறை. எண்ணே இல்லாத பெட்டிகளே சந்தையில் மிகுதி என்பதும் உண்மை.

சட்டத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் இதை அறியாமலிருப்பது ஆபத்து. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருள் செய்யப்பட்ட நாடு, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை இருத்தல் வேண்டும். இவை இல்லாத பெட்டியை வாங்கிப் பொருத்தினால் பின்னர் முறையிட எவரும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்குச் செய்தவரை மட்டுமன்றி, விற்றவரையும் அப்பொருள் தொடர்பாகப் பணி செய்தவரையும் பொறுப்பாக்க இடமளிக்கிறது. செய்தவர் இன்னார் என்று தெரியாத பொருளானால் விற்றவர்மேல் பொறுப்பு வரும். பூட்டைத் தாமே வாங்கி வந்து, சிறிது இலாபம் வைத்துப் பொருத்திக் கொடுக்கும் தொழிலாளர் சட்டத்தின் கண்ணில் விற்பனையாளரே. ஆதலால் கடைச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டுக்காரர் தாமே மலிவுப் பூட்டைக் கொடுத்துப் பொருத்தச் சொன்னால், அதை இரசீதில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். பெயர்பெற்ற பூட்டுகளுக்குப் போலிகள் வருவதும் பழைய கதை. எழுத்துப்பிழையுள்ள பெட்டியும், நம்ப முடியாத தள்ளுபடியும் போலியின் அடையாளங்கள்.

அப்படியானால் மலிவுப் பூட்டுக்கு இடமே இல்லையா? உண்டு. குளியலறை, அலமாரி, படுக்கையறை ஆகியவற்றுக்கு அது போதும். ஆங்கெல்லாம் அதிக விலை கொடுப்பது வீண். ஆனால் தெருக்கதவு, மோட்டார் அறை, கிடங்கு, முதியவர் தனித்திருக்கும் வீட்டின் கதவு ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. கடைசியாகக் கூறியது திருட்டை எண்ணி அன்று. உள்ளிருப்பவர் வெளியே வர இயலாது போவதை எண்ணி. பூட்டு இறுகிய கதவுக்குப் பின்னால் நெஞ்சு வலியோடு ஒருவர் இருக்கும்போது அதை அறுக்க நேர்ந்த அனுபவம் தமக்கு இருமுறை வாய்த்ததாக நம் தொழிலாளர் கூறினார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

நல்ல பூட்டையும் கெடுக்கும் பழக்கம் ஒன்று நம் வீடுகளில் உண்டு. சாவி இறுக்கமாகத் திரும்பினால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அன்றைக்கு வழுக்கும், நாளடைவில் எண்ணெய் பிசினாகி, எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூசையும் சாம்பலையும் ஈர்த்து, ஊசிகளைச் சேறுபோல் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் பென்சிலின் கரித்துகளைச் சாவியில் தேய்த்துப் பலமுறை போட்டு எடுத்தால் போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பிறகே கரித்துகள் இட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு ஈரத்தால் உப்பித் தாழ் உராயும். அப்போது பூட்டைக் குறை சொல்லி மாற்றாமல், நிலையில் உள்ள தாழ்த்துளையைச் சற்று இராவிவிடலாம்.

அந்த மோட்டார் அறைக்கு இப்போது பித்தளை உடலும் பித்தளை லீவரும் உள்ள திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்குகிறது. மழை நேரே படாதவாறு சைக்கிள் டியூப்பை வெட்டி அதற்கு ஒரு முகமூடி கட்டியிருக்கிறார் மோட்டார் இயக்குபவர். அது அவருடைய சொந்த யோசனை. நாம் சொல்லிக் கொடுத்ததன்று. மூன்று சாவிகளில் ஒன்று அவரிடம், ஒன்று ஊராட்சிச் செயலரிடம், மூன்றாவது அறைக்கு எதிர்வீட்டு அம்மாவிடம். மாதத்தின் முதல் தேதியில் மூன்று சாவிகளையும் போட்டுத் திறந்து பார்த்து, ஊராட்சிப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். பென்சில் துண்டு ஒன்று அப்பதிவேட்டோடு நூலில் கட்டப்பட்டிருக்கிறது. எழுதுவதற்கும் அதுவே, பூட்டுக்கும் அதுவே.